ஏழாம் மாடியில் ஆள் இல்லை

"அடியே, நான் இருக்கேனா இல்லையா?"

அலுவலக நாற்காலியில் அவள் இன்னும் சரியாகச் சாய்ந்துகூட உட்காரவில்லை. அதற்குள் அத்தையின் போன். வேறு யாராவது காலங்காத்தால இப்படிக் கேட்டிருந்தால், சரி, ஆள் ஆன்மிகத்தில் இறங்கிவிட்டார் என்று விட்டுவிடலாம். அத்தைக்கு அந்த வியாதி கிடையாது.

"இருக்கீங்க அத்தை. இல்லாமலா இந்தக் கத்து கத்துறீங்க?"

"அத உங்க லிஃப்ட்டுகிட்ட சொல்லு. கார்டைக் காட்டிக் காட்டி கை வலிக்குது. 'இவ்வீட்டில் ஆள் இல்லை'ங்குது. ஆள் முன்னாடி நின்னுக்கிட்டே ஆள் இல்லைன்னு சொல்ற கொழுப்பை அதுக்கு யாருடி குடுத்தது?"

யார் கொடுத்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கொடுத்தவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் வெள்ளைப் பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்து, அவற்றுக்கு நடுவே 'சாரம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அவளை அலுவலகத்தில் எல்லோரும் பஞ்சர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. அடுத்தவர்கள் எழுதிய கணினி நிரல் நடுரோட்டில் காற்றுப் போய் நிற்கும்போது, ஓடிப் போய் ஓட்டையைத் தேடி ஒட்டுப் போடுவது அவள் உத்தியோகம். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் அது. வாசல் கதவு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர்கள் எழுதியபடிதான் ஆடும். அத்தையின் கட்டடத்தில் புதுப் பதிப்பைப் போட்டது அந்த வாரம்தான்.

கட்டடம் குச்சி மாதிரி ஒல்லி. மாடிக்கு ஒரே வீடு. கார்டைக் காட்டினால் லிஃப்ட் அந்த வீட்டுக்காரரின் மாடியில் நிற்கும், காட்டாவிட்டால் நிற்காது. ஆள் இல்லாத வீடு என்று மென்பொருள் முடிவு செய்துவிட்டால், கார்டைக் காட்டினாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி, நிற்காது. மின்சாரம் மிச்சம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

அத்தைக்கு ஏழாம் மாடி. அப்பாவின் தங்கை, நீச்சல் பயிற்சியாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்பது அத்தையின் கட்சி, ஆள் கிடைக்கவில்லை என்பது உறவுக்காரர்களின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவே அத்தை பாட்டுக்கு ஊரில் பாதிப் பேரைத் தண்ணீரில் தள்ளி மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஒரு விசில் அடித்தால் மூச்சை இழுத்துப் பிடித்துத் தலையை உள்ளே விட வேண்டும்; இரண்டு அடித்தால் வெளியே வரலாம். அத்தையிடம் படித்தவர்கள் தெருவில் போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் அடித்தால்கூட மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

இப்போது அத்தையின் முழங்கால் மூட்டை அறுவை செய்து மாற்றி வைத்திருந்தார்கள். படி இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அவரிடம் போய்க் காலைக் காட்ட வேண்டும். அவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் நீச்சல் குளத்துக்குத் திரும்பலாம். குளத்து மேலாளரும் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகத்தான் சொல்லியிருந்தார். அதற்குள் கடிதம் வராவிட்டால் அத்தையின் வகுப்புகள் புதுப் பயிற்சியாளருக்குப் போய்விடும். அந்தப் புதியவர் தலைமுடி நனையாமல் கரையில் நின்று, பெரிய திரையில் படம் போட்டு நீச்சல் சொல்லிக் கொடுப்பவர்.

"வாட்ச்மேனைக் கூப்பிடுங்க அத்தை. அவர் கார்டுக்கு எல்லா மாடியிலயும் நிக்கும்."

"அந்தத் தம்பி வந்தான். நேத்து ஒரு தடவை கூட்டிட்டும் போனான். அதுக்குள்ள எங்க குடியிருப்போர் சங்கச் செயலாளர் மோப்பம் புடிச்சுட்டார். காலி வீட்டுக்கு வாட்ச்மேன் கார்டு போட்டா அது திருட்டுக்கு உடந்தையாம். நான் என் வீட்டுலேர்ந்து என்னையே திருடிட்டுப் போறேனாம்!"

போனை வைத்துவிட்டுப் பஞ்சர் நிரலைத் திறந்தாள். ஓட்டையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கண்டுபிடித்ததும் நெற்றியை மேசையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டியும் கொண்டாள். பக்கத்து மேசையில் குறைகேட்புப் பிரிவுப் பெண், வாடிக்கையாளர் யார் திட்டினாலும் 'புரியுதுங்க, ரொம்பப் புரியுதுங்க' என்றே சொல்வதால் ஆறுதல் என்று பெயர் வாங்கியவள், திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, தலைவலியா?"

"தத்துவம்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

தத்துவம் என்பது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வட்டம் போடும் மனிதரின் பட்டப்பெயர்; முகத்துக்கு நேரே சார். மென்பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் தலைமைப் பதவி. 'மாற்றக் கோட்பாடு' என்று தலையணை உயரத்துக்கு ஓர் ஆவணம் எழுதியிருக்கிறார். விஷயம் என்னவோ சின்னதுதான். நிரலில் 'வீடு' என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை எழுத்தாக மாற்றச் சொன்னால் என்ன எழுத்து வர வேண்டும், எண்ணாக மாற்றச் சொன்னால் என்ன எண் வர வேண்டும், 'உண்டா இல்லையா' என்று கேட்டால் என்ன பதில் வர வேண்டும் என்பதை எழுதுகிறவர் தன் விருப்பப்படி அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். எல்லா ஊரிலும் எல்லோரும் சத்தம் போடாமல் செய்கிற வேலை. இவரோ அதைப் பிரபஞ்ச ரகசியம் மாதிரி ஆக்கிவிட்டார்.

வீட்டை எழுத்தாக மாற்றினால் ஒரு வரவேற்புரை வரும்: 'தங்களையும் தங்கள் துணைவியாரையும் இன்ன மாடி இன்முகத்துடன் வரவேற்கிறது.' லிஃப்ட் அதைப் பெண் குரலில் வாசிக்கும். வீட்டை எண்ணாக மாற்றினால், வீட்டுக்காரரைத் தவிர உடனிருப்பவர்கள் எத்தனை பேர் என்று வரும். தண்ணீர்ப் பங்கீட்டுக்கு அந்தக் கணக்குத்தான் வசதி. மூன்றாவதுதான் வில்லங்கம். 'உண்டா இல்லையா' என்ற கேள்விக்கு வீட்டுக்கு அவர் எந்தப் பதிலையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆவணத்தில் அதற்குக் காரணமும் எழுதியிருந்தார்: 'இருப்பு என்பது எண்ணிலிருந்து இயல்பாக மலர வேண்டும்.'

மலர்ந்தது. யாரும் எதுவும் கற்றுத்தராதபோது கணினி மொழி தானாக ஒரு குறுக்கு வழியில் போகும். எண் என்ன என்று பார்க்கும். பூஜ்யம் என்றால் 'இல்லை' என்று முடிவு கட்டிவிடும். பைக்குள் எதுவும் இல்லை என்றால் பை காலி, நியாயம்தான். ஆனால் அத்தை வீட்டில் உடனிருப்பவர் யார்? யாரும் இல்லை. எண் பூஜ்யம். ஆகவே வீடு இல்லை. ஆகவே அத்தையும் இல்லை. தனியாக இருக்கிற எவரும் இல்லை.

இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது. வீட்டுக்காரர் இருந்தால் 'உண்டு' என்று சொல் என்று வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். பஞ்சர் எழுதியும்விட்டாள். ஆனால் மாற்றங்கள் இருக்கிற அந்தக் கோப்பில் தத்துவத்தின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எறும்புகூட ஊர முடியாது. ஒப்புதல் வேண்டுமானால் மீட்டிங். மீட்டிங்கில் அவரே கொண்டுவந்த ஒரு வழக்கமும் உண்டு. குறை சொல்கிறவர் எழுந்து நின்று, அந்தக் குறையை எப்படிக் கண்டார், என்னென்ன படிகளைச் செய்தால் அது மறுபடி வரும் என்று எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்காத குறை, குறையே இல்லை.

மீட்டிங்கில் பஞ்சர் எழுந்து நின்றாள்.

"படி ஒன்று: தனியாக வாழவும். படி இரண்டு: லிஃப்ட்டில் கார்டைக் காட்டவும்."

நாற்காலிகளில் சிரிப்பு நெளிந்தது. தத்துவம் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"தனியா வாழறதுன்னா என்னம்மா? தனிமைங்கறது ஒரு பார்வை."

"பார்வை இல்ல சார், எங்க அத்தை. ஏழாம் மாடி. நீங்க இருக்கற அதே கட்டடம்தான்."

"தனிப்பட்ட விஷயத்தை இங்க கொண்டுவரக் கூடாது." அவர் குரல் கொஞ்சம் கெட்டியானது. "ஒரு வீடு தன்னோட இயல்பைச் சொல்லுது. நாம அது வாய்ல நம்ம வார்த்தையைத் திணிக்கக் கூடாது."

"வீட்டுக்கு வாயே நீங்க வச்சதுதானே சார்."

"பதினோராம் மாடியில, என் சொந்த வீட்டுலதான் சோதனை ஓட்டம் நடந்துது. ஒரு வருஷத்துக்கு மேல. ஒரு குறை வந்துதா?"

வரவில்லை.

"அப்ப அவசரத்துக்கு என்ன சார் பண்றது? வெள்ளிக்கிழமை அவங்க டாக்டர்கிட்ட போயே ஆகணும். போகலைன்னா வேலை போயிடும்."

அவர் பலகையில் எழுதியிருந்த 'சாரம்' பக்கம் பார்வையைத் திருப்பினார். "உடனிருப்பவர்னு ஒருத்தரைச் சேர்த்துக்கச் சொல்லுங்க. யாராவது ஒருத்தர். பேர் இருந்தாப் போதும்." சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, முடிவுரை எதுவும் ஆற்றாமல் எழுந்து போய்விட்டார்.

சேர்த்துக்கச் சொல்லலாமே, பேர்தானே! ஆறுதல் அன்றே கட்டடத்தில் தனியாக இருக்கிற எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். மூன்றாம் மாடிக் கண் டாக்டர் தன் தொட்டிச்செடியைச் சேர்த்தார். ஒன்பதாம் மாடி மொழிபெயர்ப்பாளர் அம்மாள், பாதி மொழிபெயர்த்து வைத்திருந்த நாவலிலிருந்து ஒரு கொலைகாரனின் பெயரை எடுத்துப் போட்டார். மறுநாள் காலை லிஃப்ட், கண் டாக்டரையும் திருவாளர் தொட்டிச்செடி அவர்களையும் மூன்றாம் மாடி இன்முகத்துடன் வரவேற்பதாக அறிவித்தது. செயலாளர் சும்மா இருப்பாரா? புதிதாகக் குடிவந்த தொட்டிச்செடி அவர்கள் அடையாளச் சான்று தரவில்லை என்று கண் டாக்டர் வீட்டுக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்.

அத்தை மட்டும் மசியவில்லை.

அன்று மாலை பஞ்சர் ரொட்டியும் காய்கறியும் தூக்கிக்கொண்டு ஏழு மாடி படியேறிப் போய், வாசலில் பையை வைத்து மூச்சு வாங்கினாள். அத்தை உடற்பயிற்சி மேசையில் காலை நீட்டி, முழங்காலுக்கு ஐஸ் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, ஒரே ஒரு பேர். நானே இங்கேர்ந்து போட்டுடறேன். பூனைன்னு வச்சுக்குவோம்."

"எனக்குப் பூனை புடிக்காது."

"நிஜப் பூனை இல்ல அத்தை."

"நிஜமில்லாத பூனை சுத்தமாப் புடிக்காது." அத்தை ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள். "நல்லாக் கேட்டுக்கோ. உங்க அப்பன்லேர்ந்து ஒண்ணுவிட்ட சித்தப்பா வரைக்கும் 'துணை வேணும், துணை வேணும்'னு என் உயிரை எடுத்தானுங்க. அவனுங்களுக்கே தலையாட்டாதவ, ஒரு லிஃப்ட்டுக்குப் பயந்துக்கிட்டு பூனையைத் துணைன்னு எழுதுவேனா? நான் ஒருத்தி இருக்கேன். ஒண்ணுன்னா ஒண்ணு. அது எப்படிடி பூஜ்யமாகும்? உங்க ஆபீஸ்ல ஒண்ணாங்கிளாஸ் தாண்டினவங்க யாரும் இல்லையா?"

"ரெண்டு வரிதான் அத்தை. எழுதி வச்சுட்டேன். அந்த மனுஷன் கையெழுத்துப் போட மாட்டேங்கறார்."

"ஏனாம்?"

"இருப்பு எண்ணிலேர்ந்து மலரணுமாம்."

அத்தை பால்கனிக்கு நொண்டிப் போய், கீழே தோட்டத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த செயலாளரின் தலைக்கு மேலே நீளமாக ஒரு விசில் அடித்தாள். காரணம் கேட்டதற்கு, மனசு லேசாயிடுச்சு, அவ்வளவுதான் என்றாள்.

வியாழக்கிழமை முழுக்கப் பஞ்சர் கண்ணாடிக் கதவைத் தட்டிப் பார்த்தாள். தத்துவம் ஒரு தடவை போனில் இருந்தார். ஒரு தடவை சிந்தனையில் இருந்தார். ஒரு தடவை இரண்டிலும் இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பிறகு வாங்க என்றார். கல்லில் நார் உரித்தாலும் ஒரு முழம் கிடைத்திருக்கும். சாயங்காலம் அத்தைக்குக் கஞ்சிக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு கட்டடத்துக்குப் போனபோது, லிஃப்ட்டுக்கு முன்னால் அவரே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பை. அதில் பாதி ரொட்டியும் ஒரு ஆள் குடிக்கிற அளவுக்கு சூப் பொட்டலமும் தெரிந்தன.

அவளைப் பார்த்ததும், "நீங்க போங்கம்மா. நான் படியில வரேன்" என்றார்.

"பதினோரு மாடியா சார்?"

"உடம்புக்கு நல்லது."

அலுவலகத்தில் முதல் மாடிக்கே லிஃப்ட்டில் போகிறவர். பஞ்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாரம் முழுக்க அவள் வேறு வழியில்லாமல் படியேறுகிறாள். இந்த மனிதருக்கு அது உடற்பயிற்சியா?

"என்கிட்ட இந்தக் கட்டடத்து கார்டு இல்ல சார். உங்க கார்டைக் காட்டுங்க. பதினொண்ணுக்கு வந்து நாலு மாடி இறங்கிக்கறேன். ஏறறதுக்கு இறங்கறது பரவாயில்ல."

மறுக்க அவருக்கு வழி இல்லை. கார்டைக் காட்டினார். கதவு மூடியது. மூடியதுதான் தாமதம், அவருக்கு இருமல் வந்துவிட்டது. பெரிய இருமல், மேடை நாடகத்தில் வருகிற மாதிரி. ஆனால் லிஃப்ட்டின் ஒலிபெருக்கி நல்ல தரமானது; வாங்கச் சொன்னவர் அவரேதான்.

'தங்களையும் தங்கள் துணைவியாரையும் பதினோராம் மாடி இன்முகத்துடன் வரவேற்கிறது.'

"மேடம் நல்லா இருக்காங்களா சார்?" கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"ம்."

மேலே போகிற வரை இருவரும் மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தையிடம் வந்து சொன்னபோது அத்தை கஞ்சிக் கரண்டியை நிறுத்தினாள்.

"எந்த மேடம்?"

"அவர் வீட்டம்மாதான் அத்தை."

"அந்தம்மா போயி வருஷமாகப் போகுதேடி! என்கிட்டதான் நீச்சல் கத்துக்கிட்டாங்க. தலையை உள்ள விட்டா வெளிய எடுக்கவே மாட்டாங்க. ஏன்மா இப்படின்னு கேட்டா, 'தண்ணிக்குள்ளதான், கோச், யாரும் எனக்கு விளக்கம் சொல்றதில்ல'ன்னாங்க. போற அன்னைக்கு லிஃப்ட்ல பெட்டியோட பார்த்தேன். கட்டிப் புடிச்சுட்டுப் போனாங்க. நல்ல பொம்பளை."

பஞ்சர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்த அம்மாள் போய்விட்டார். அப்படியானால் பதினோராம் மாடியில் ஒரே ஆள். எண் பூஜ்யம். லிஃப்ட் நிற்கக் கூடாது. ஆனால் நிற்கிறது. அவர் மனைவியின் பெயரை எடுக்கவில்லை, அதனால் நிற்கிறது. அவருக்கு எடுக்க மறந்திருக்குமா? ஒரு காற்புள்ளி இடம் மாறினாலே தூக்கம் வராத மனிதர். இல்லை. அவருக்குத் தெரியும். 'பேர் இருந்தாப் போதும்' என்று அன்று அவ்வளவு சரியாகச் சொன்னாரே, எப்படிச் சொன்னார்? இன்று நேற்று அல்ல, மாதக்கணக்காகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வீட்டின் இயல்பு, வாய், வார்த்தை என்று...

"எங்கடி போற? கஞ்சி ஆறுது!"

நாலு மாடியும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தட்டினாள், அழைப்பு மணி இருப்பதைக்கூடப் பார்க்காமல்.

தத்துவம் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி மட்டும் வெளியே இழுத்திருந்தது. மற்ற நாற்காலிகளின் மேல் புத்தகங்கள். சுவரில் இங்கேயும் ஒரு வெள்ளைப் பலகை. அதில் எழுதியிருந்தது கோட்பாடு அல்ல: 'சட்டை. உப்பு. பல்பு.'

"எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?" ஏறும்போது வேறு பத்து வாக்கியங்கள் தயார் செய்திருந்தாள். வந்தது இதுதான்.

அவர் முதுகை நிமிர்த்தினார். "பாருங்கம்மா, ஒரு பொருள் தன்னை எப்படி..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்தோ, அல்லது தன் குரலைத் தானே கேட்டோ, நிறுத்திக்கொண்டார். சைக்கிள் ட்யூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி தோள் இறங்கியது.

"அவங்க போன அடுத்த வாரம். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கேன்னு பேரை எடுத்தேன். பால் வாங்கக் கீழ போனேன். திரும்பி வந்து கார்டைக் காட்டினா, ஆள் இல்லைன்னுது."

"அப்புறம்?"

"ஏறினேன். மாடிக்கு மாடி நின்னு நின்னு ஏறினேன். பால் திரிஞ்சு போச்சு. வந்து உட்கார்ந்து மறுபடி அவங்க பேரைச் சேர்த்தேன்."

"ஒரு தப்பு இருக்கு, சரி பண்ணுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே சார்! நான் எதுக்கு இருக்கேன்? அன்னைக்கே ஒட்டிட்டுப் போயிருப்பேனே!"

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு மீட்டிங்ல எழுந்து நின்னு வாசிக்கணுமே." அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "படி ஒன்றுன்னு என்னன்னு எழுதுவேன்?"

பஞ்சர் சுவர்ப் பலகையில் இருந்த உப்பையும் பல்பையும் இன்னொரு தடவை படித்தாள். எரிச்சல் போகவில்லை. போகவில்லை என்பதே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த மனிதரின் வெட்கத்துக்காக ஓர் உயிருள்ள அத்தை இந்த வாரம் முழுக்க இல்லாமல் போயிருக்கிறாள். ஒரு தொட்டிச்செடி அடையாளச் சான்றுக்கு அலைகிறது. தினமும் போகும்போதும் வரும்போதும் தான் எழுதிய வரவேற்புரையைத் தானே இருமி மறைத்துக்கொண்டு, அதுவும் அந்த ஒலிபெருக்கியில்!

"வழக்கத்தைக் கொண்டுவந்ததே நீங்கதான் சார்."

"நான்தான்."

"நாளைக்குக் காலைல எங்க அத்தை டாக்டர்கிட்ட போகணும்."

அவர் போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. போனைத் தள்ளிப் பிடித்து, அவளுடைய இரண்டு வரியையும் உதடு அசைய ஒரு தடவை படித்தார். பழக்கதோஷம், ஓர் இடைவெளி கூடுதலாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டு ஒப்புதலை அழுத்தினார்.

"சூப் ஆறிடப் போகுது சார்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அத்தை கைத்தடியும் விசிலுமாக லிஃப்ட்டுக்கு முன்னால் நின்றாள். கார்டைக் காட்டினாள். எங்கோ மேலே ஒரு உறுமல் கேட்டது. லிஃப்ட் இறங்கி வந்து, ஏழாம் மாடியில் சமர்த்தாக நின்று கதவைத் திறந்தது. உள்ளே தத்துவம், அலுவலகப் பையோடு.

அத்தை ஏறினாள். பின்னாலேயே பஞ்சர். குரல் வந்தது:

'தங்களையும் தங்கள் உடனிருப்போர் பூஜ்யம் பேரையும் ஏழாம் மாடி இன்முகத்துடன் வழியனுப்புகிறது.'

பஞ்சர் கண்ணை மூடிக்கொண்டாள். உண்டு-இல்லையைச் சரி செய்தவள், எழுத்தாக வரும் வரவேற்புரையை மறந்துவிட்டாள். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று காற்றை விடுகிறது.

"பூஜ்யம் பேரைச் சொல்லித்தான் ஆகணுமா?" அத்தை ஒலிபெருக்கியைக் கேட்டாள். "ஒருத்தியை வழியனுப்பினா அதுக்கு வாய் வலிக்குமா?"

"எனக்கும் அதேதான் சொல்லுச்சு மேடம்" என்றார் தத்துவம் மெதுவாக. "இப்பதான். மேல."

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. இரண்டு மாடி இறங்கிய பிறகு சொன்னாள்:

"திங்கட்கிழமை காலைல குளத்துக்கு வாங்க சார்."

"எனக்கு நீச்சல் தெரியாது."

"தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு? முதல் பாடம் ரொம்ப சுலபம். விசில் அடிச்சா மூச்சை இழுத்துப் புடிச்சுக்கணும், பேசக் கூடாது. அவ்வளவுதான்."

"டாக்டர் உங்களை இன்னும் விடலையே மேடம்."

"விடுவான். அவனே என்கிட்ட கத்துக்கிட்டவன்தான்."

கீழே வாட்ச்மேன் வண்டியை வாசலுக்கே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். அத்தை ஏறிப் போனதும் பஞ்சர் திரும்பினாள். "சார், அந்தப் பூஜ்யம்..."

"எடுத்துடுங்க."

"மீட்டிங் வேண்டாமா?"

"வேண்டாம்" என்றார். அவள் பல வருஷமாக அந்த அலுவலகத்தில் இருக்கிறாள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டாள்.

மதியம் எல்லோருக்கும் தகவல் வந்தது. மீட்டிங் அல்ல, சிறு கலந்துரையாடல். தலைப்பு 'பூஜ்யமும் இருப்பும்: ஒரு மறுபார்வை'. ஆறுதல் பஞ்சரைப் பார்த்தாள். பஞ்சர் நெற்றியை மேசைக்குக் கொண்டுபோய், வேண்டாம் என்று பாதியில் நிறுத்தினாள். நாய் வாலை நிமிர்த்தப் போனவர்களில் யார் ஜெயித்திருக்கிறார்கள்?

"ஒன்று என்பது என்ன?" தத்துவம் வெள்ளைப் பலகையில் மூன்று வட்டங்களை அழித்துவிட்டு ஒரே ஒரு வட்டம் போட்டிருந்தார். "ஒன்றைப் பூஜ்யம் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? இதை நான் நான்கு நிலைகளில்..."

பஞ்சரின் போன் அடித்தது. அத்தை. காதில் வைப்பதற்குள் விரல் தவறிப் போய் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டது.

"எழுதிக் குடுத்துட்டான்டி!" என்றது அத்தையின் குரல். அதைத் தொடர்ந்து, தொலைவில் எங்கோ ஒரு மருத்துவமனையின் வராந்தாவையே கூசவைத்திருக்கக்கூடிய ஒரு விசில், நீளமாக, அறை முழுக்க அடித்தது.

தத்துவம் வட்டத்துக்குள் எழுதவிருந்த கையை நிறுத்தினார். வாயை மூடினார். யாரும் சொல்லாமலே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பஞ்சர் போனை அணைக்கவில்லை.